38 ஸ்லைடு, 15 நிமிடம்

அன்புள்ள ஐயா,

நிலத்தடி நீரில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி நான். தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது, பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பது என் ஆய்வு. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் 15 நிமிடம் பேச வேண்டும். 38 ஸ்லைடு தயாரித்திருக்கிறேன். போன முறை பேசியபோது பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஸ்லைடில் எல்லாமே இருந்தால்தான் நாம் உழைத்தது தெரியும் என்கிறார் நெறியாளர். எனக்கும் மேடையில் பேச்சு தடுமாறும், ஆங்கிலம் என்றால் இன்னும் மோசம். திரையைப் பார்த்துப் படித்துத்தான் சமாளிக்கிறேன். அனிமேஷன் சேர்த்தால் கவனிப்பார்களா? கோப்பை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

கோப்பு முழுவதையும் பார்த்தேன். நல்ல ஆய்வு. வெயிலில் ஊர் ஊராகப் போய் நீர் மாதிரி எடுத்து வந்திருக்கிறீர்கள். அந்த உழைப்பின் பலன் 17ஆவது ஸ்லைடில் ஒரு பெரிய அட்டவணைக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

அனிமேஷன் வேண்டாம். எழுத்து பறந்து வந்து உட்கார்ந்தால், பார்ப்பவரின் கண் எழுத்தின் பின்னால்தான் போகும். கைபேசியை எடுத்தவர்கள்மீதும் கோபப்படாதீர்கள். திரையில் பத்து வரி இருந்தால் யாராக இருந்தாலும் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் மூன்றாவது வரிக்கு வருவதற்குள் அவர்கள் பத்தையும் முடித்திருப்பார்கள். படிக்கும்வரை உங்கள் குரல் அவர்களுக்கு இடைஞ்சல், படித்து முடித்தபின் அவர்களுக்கு வேலையே இல்லை. ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் இதைச் சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார். படத்தைப் பார்த்தபடி விளக்கத்தைக் கேட்டவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. அதே விளக்கத்தைத் திரையில் எழுத்தாகவும் போட்டபோது புரிதல் குறைந்தது.

உங்கள் நெறியாளரின் கருத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. உழைப்பு தெரிய வேண்டும், சந்தேகப்படுகிறவருக்கு ஆதாரம் கையில் கிடைக்க வேண்டும். ஆனால் ஒரு தகவல் ஸ்லைடில் இருப்பது வேறு, அது பார்ப்பவரிடம் போய்ச் சேருவது வேறு. இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது கொலம்பியா விண்ணோடத்தின் கதையை.

2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட்ட போயிங் பொறியாளர்கள், நாசா அதிகாரிகளுக்கு அதை ஸ்லைடுகளாக விளக்கினார்கள். அவற்றில் ஒன்று பின்னால் உலகம் முழுவதும் பேசப்பட்டது. கணிப்பு பாதுகாப்பான பக்கமே நிற்கிறது என்று நினைக்கவைக்கும் தலைப்பு. அதன் கீழே புள்ளி வைத்த வரிகள், அவற்றுக்குள் இன்னும் சிறிய எழுத்தில் உள்வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி வரியாக, இரண்டு எண்கள் இருந்தன. நுரை பிய்ந்து வந்த பகுதியின் அளவு 1920 கன அங்குலம், கணிப்புக்கு அடிப்படையாக வைத்த பழைய சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். 640 மடங்கு வித்தியாசம்! இந்த மோதலைப் பற்றி அந்தச் சோதனைகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் பொருள். தலைப்பாக வந்திருக்க வேண்டிய செய்தி அது.

பிப்ரவரி 1 அன்று தரையிறங்க வந்த கொலம்பியா டெக்சாஸ் வானில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஒரு ஸ்லைடால்தான் விபத்து நடந்தது என்று சொல்வது தவறு. நாசாவின் நிர்வாகப் பழக்கங்களைப் பற்றி விசாரணைக் குழுவின் அறிக்கை நிறையப் பேசுகிறது. ஆனால் எட்வர்ட் டஃப்டி என்ற தரவுக்காட்சி வல்லுநர் அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டியதை அறிக்கை எடுத்துப் பேசியது. உயிருக்கு ஆபத்து என்ற செய்தியை ஒரு மூத்த அதிகாரி அதில் கவனிக்காமல் போவது எளிது என்றும் சொன்னது. உங்கள் நெறியாளர் கேட்கும் 'எல்லாமே' அந்த ஸ்லைடில் இருந்தது.

இனி உங்கள் 17ஆவது ஸ்லைடு. தலைப்பு 'ஆய்வு முடிவுகள்'. இந்தத் தலைப்பை எந்த ஆய்வுக்கும் போடலாம். நீங்கள் கண்டுபிடித்ததை ஒரு முழு வாக்கியமாக எழுதி அதையே தலைப்பாக வையுங்கள்: 'கோடையில் பெரும்பாலான கிணறுகள் குடிநீர் வரம்பைத் தாண்டுகின்றன.' உங்கள் அட்டவணை சொல்வது இதைத்தான், ஆனால் அதைத் தேடிப் பிடிக்க எனக்கே வெகுநேரம் ஆனது. கீழே அட்டவணைக்குப் பதில் ஒரு வரைபடம் போதும். ஒவ்வொரு கிணறும் ஒரு புள்ளி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பைக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடாகப் போடுங்கள். கோட்டுக்கு மேலே இருக்கும் புள்ளிகள் அடர்நிறம், கீழே இருப்பவை சாம்பல். பின்வரிசையில் இருப்பவருக்கும் சட்டென்று விஷயம் விளங்கும். பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு எல்லாம் இந்த ஸ்லைடில் எதற்கு?

இந்த முறையில் போனால் 38 ஸ்லைடு எட்டு ஒன்பதாகக் குறைந்துவிடும். பொருளடக்கத்தை எடுத்துவிடுங்கள். ஃபுளோரைடு என்றால் என்ன என்று நீரியல் அறிஞர்களுக்குச் சொல்லும் மூன்று ஸ்லைடுகளும் போகட்டும். உங்களிடம் 31ஆவதாக ஒரு படம் இருக்கிறது, ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்துப் பழுப்புக் கறை படிந்த ஒரு குழந்தையின் பற்கள். அதுதான் முதல் ஸ்லைடு. முகம் தெரியாதபடி பற்கள் மட்டும் இருக்கட்டும். வணக்கம் சொன்ன கையோடு, இந்தக் குழந்தை குடித்த தண்ணீர் எந்தக் கிணற்றுடையது, அதில் என்ன இருந்தது என்று தொடங்குங்கள். காவிரி நீரை உங்கள் மாவட்டத்துக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிய பிறகும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்களைப் பற்றி 31ஆவது ஸ்லைடின் மூலையில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் ஆய்வின் உயிர். கேள்வி காதில் விழுந்துவிட்டால் பதிலுக்காக அரங்கம் காத்திருக்கும்.

அப்படியானால் அட்டவணைகள் எங்கே போகும்? அச்சடித்த தாளுக்குப் போகட்டும். முழுத் தரவையும் இரண்டு பக்கத்தில் அச்சிட்டு, பேசி முடித்ததும் கொடுங்கள். முதல் பிரதியை இப்போதே நெறியாளரிடம் காட்டி, எதுவும் விட்டுப்போகவில்லை ஐயா, இடம்தான் மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன். அமேசான் நிறுவனத்தில் ஜெஃப் பெசோஸ் 2004இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டையே நிறுத்தினார். உரைநடையில் எழுதிய குறிப்பை எல்லோரும் முதலில் மௌனமாகப் படிப்பார்கள், பேச்சு அதற்குப் பிறகுதான். கருத்தரங்கில் நாம் அவ்வளவு தூரம் போக முடியாது, ஆனால் படிப்பதற்கு ஒரு நேரம், கேட்பதற்கு ஒரு நேரம் என்று பிரிக்க முடியும்.

உங்கள் தடுமாற்றம் பற்றி. திரையைப் பார்த்துப் படிப்பது உங்களைக் காப்பாற்றவில்லை என்பது போன முறையே தெரிந்துவிட்டது. முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் தலைப்பு வாக்கியமே கை கொடுக்கும்: அதைச் சொல்லுங்கள், படத்தைக் காட்டி ஏன் என்று விளக்குங்கள், அடுத்ததற்குப் போங்கள். ஆங்கிலத்தில் சிறு வாக்கியங்கள் போதும், யாரும் இலக்கணம் பார்க்க வரவில்லை. வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் நேரம் எப்போதும் குறைவாகவே தெரியும். ஒத்திகையை 12 நிமிடத்தில் முடியுங்கள். தலைவர் மணி அடித்த பிறகு அவசர அவசரமாக ஸ்லைடுகளைத் தள்ளுவதைவிட மோசமான முடிவு இல்லை.

அரங்கத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். உங்கள் கோப்பில் தமிழ் ஊர்ப்பெயர்கள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. வேறு கணினியில் அவை ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி, ஒரு பி.டி.எஃப். பிரதியும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'B' எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும். முக்கியமான ஒன்றைச் சொல்லும்போது அப்படிச் செய்யுங்கள், எல்லோர் பார்வையும் உங்கள் பக்கம் திரும்பும்.

'நன்றி' என்று பூப்போட்ட அந்தக் கடைசி ஸ்லைடை நீக்கிவிடுங்கள், நன்றியை வாயால் சொல்லலாம். கேள்வி நேரம் முழுவதும் சிவப்புக் கோடு போட்ட வரைபடமே திரையில் நிற்கட்டும். பி.எச்., கடினத்தன்மை ஸ்லைடுகளை அதற்குப் பின்னால் வரிசையாக வைத்து, எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள், நேராக அங்கே போய்விடும். மாற்றிய கோப்பை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.