கடல்நீர் சோதனையில் சுத்தம் என்று வந்த பிறகும் அடிச்சேற்றில் கன உலோகம் என்கிறார்களே, ஏன்? தூர்வாரி எடுத்துவிட்டால் தீராதா?

தண்ணீர் அறிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கடலோரச் சேற்றைக் காயவைத்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து அளக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் கடலில் கலந்ததும் பெரும்பாலும் மெல்லிய களிமண் துகளிலும் மக்கிய பொருளிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். மேலே தண்ணீர் ஓதத்துக்கு ஓதம் மாறிக்கொண்டே இருக்கும். சேறு அங்கேயேதான் கிடக்கும்.

சேற்று அறிக்கையிலும் ஏமாற இடமுண்டு. மணலாக இருக்கும் இடத்தில் அள்ளினால் எண் குறைவாகத்தான் வரும், மணலில் உலோகம் அவ்வளவாக ஒட்டாது. அதனால்தான் அலுமினிய அளவோடு ஒப்பிடுவோம். களிமண் எவ்வளவு என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். துகள் அளவும் சொல்லாத, ஒப்பீடும் இல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

தூர்வாரலுக்கு வருகிறேன். ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற வேதிப்பொருள் ஆலை, பாதரசக் கழிவு வந்துகொண்டிருந்த உற்பத்தியை 1968-ல் நிறுத்தியது. சேற்றில் இருந்த பாதரசம் அப்படியே இருந்தது. 1977-ல் தொடங்கி 1990 வரை தூர்வாரும் வேலை நடந்தது. பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் இருந்த சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றைக் கையாண்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்கிறீர்கள்? எங்கேயும் இல்லை. விரிகுடாவின் உட்பகுதியைச் சுவர் கட்டி அடைத்து, அதற்குள்ளேயே போட்டு, மேலே நல்ல மண் கொட்டி மூடினார்கள். அப்படி உருவான நிலம் 58 ஹெக்டேர். இன்று அதன்மேல் பூங்கா. மாசுபட்ட மீன் வெளியே போகாமல் இருக்க விரிகுடாவில் போட்ட வலையை 1997-ல்தான் எடுத்தார்கள்.

பணம், பொறுமை, கொட்ட இடம் மூன்றும் இருந்த ஊரிலேயே இந்த நிலை. இன்னொரு சிக்கல் வேதியியலில் இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருஞ்சேற்றில் காட்மியமும் துத்தநாகமும் கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடாகப் பிடிபட்டுக் கிடக்கும். கலக்கிவிட்டால், ஆக்சிஜன் பட்டு அதில் ஒரு பகுதி மறுபடி தண்ணீரில் கரையும்.

எண்ணூரில் கன உலோகம் கலந்த அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றைத் தூர்வாராமலும் முடியாது. ஆழம் போய்ப் படகு தரை தட்டுகிறது. இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் அதே சேற்றில்தான் நிற்கிறார்கள். அங்கே தூர்வாரும் பேச்சு வந்தால் நீங்கள் கேட்க வேண்டியவை: சாம்பல் வரத்து முழுதாக நின்றுவிட்டதா? வாரியதை எங்கே கொட்டப்போகிறார்கள்? கரையிலேயே குவித்துவைத்தால் ஐப்பசி மழை அதைத் திரும்ப ஆற்றுக்கே கொண்டுவந்துவிடும்.