ஆற்றுக்கு அந்தக் கரையா, இந்தக் கரையா?

கேள்வி: வணக்கம் ஐயா. வர்ஜீனியாவின் ஹெர்ன்டனில் நான்கு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு ரெஸ்டனில் ஐ.டி. வேலை, வாரம் இரண்டு நாள் அலுவலகம் போனால் போதும். ஆண்டுச் சம்பளம் 1,25,000 டாலர். மனைவிக்கு மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க்கில் பயோடெக் ஆய்வகத்தில் வேலை. வாரம் ஐந்து நாளும் நேரில் போயாக வேண்டும், சம்பளம் 85,000. மகளுக்கு 6 வயது, மகனுக்கு 2. வீடு வாங்க 1.4 லட்சம் டாலர் சேர்த்து வைத்திருக்கிறோம். வர்ஜீனியாவிலேயே லவுடன் கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) ஆஷ்பர்னில் ஒரு டவுன்ஹவுஸ் 7.2 லட்சம். பொடோமக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்ட்டியில் ஜெர்மன்டவுனில் கொஞ்சம் சிறிய, பழைய டவுன்ஹவுஸ் 5.1 லட்சம். ஹெச்.ஓ.ஏ. (குடியிருப்புச் சங்கக் கட்டணம்) மாதம் முறையே 130, 110 டாலர். ஆஷ்பர்னில் இருக்கும் என் மைத்துனர், “அமெரிக்காவிலேயே பணக்கார கவுன்ட்டி இது, இங்கே கவுன்ட்டி வருமான வரியும் கிடையாது, மேரிலாந்துக்குப் போனால் வரியிலேயே கரைந்துவிடுவீர்கள்” என்கிறார். இருவரும் எச்1பி விசாவில் இருக்கிறோம். எந்தப் பக்கம் போகலாம்?

பதில்: உங்கள் மைத்துனர் சொன்ன இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்த இரண்டை மட்டும் வைத்து வீடு வாங்கினால் தப்பாகப் போகும்.

முதலில் அந்தப் ‘பணக்கார கவுன்ட்டி’ விஷயம். லவுடனின் இடைநிலைக் குடும்ப வருமானம் 1.7 லட்சம் டாலருக்கு மேல். பல ஆண்டுகளாக அமெரிக்கப் பட்டியலின் உச்சியில் இருக்கும் கவுன்ட்டி அது. மான்ட்கோமரியில் சுமார் 1.25 லட்சம். ஆனால் இது அங்கே குடியிருப்பவர்களின் வருமானம். நீங்கள் ஆஷ்பர்னுக்குக் குடிபோனதும் ரெஸ்டன் கம்பெனி சம்பளத்தைக் கூட்டித் தரப்போவதில்லை. நீங்கள் வாங்கப்போகும் அதே வீட்டுக்கு உங்களைவிடக் கனமான பையோடு இன்னும் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள் என்பதுதான் அந்த எண் உங்களுக்குச் சொல்லும் செய்தி. உங்கள் 2.1 லட்சம் லவுடனில் நடுவாந்தரத்துக்குச் சற்று மேல். மான்ட்கோமரியில் வசதியான குடும்பம்.

அடுத்தது வரி. இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா, மேரிலாந்து, வாஷிங்டன் டி.சி. மூன்றுக்கும் இடையே ஓர் ஏற்பாடு உண்டு: சம்பளத்துக்கு வரி, வேலை செய்யும் இடத்தில் இல்லை, தூங்கும் இடத்தில். அதனால் நீங்கள் எங்கே வீடு வாங்குகிறீர்களோ அந்த மாநிலம்தான் உங்கள் இருவர் சம்பளத்துக்கும் வரி போடும்.

மேரிலாந்தில் மாநில வருமான வரிக்கு மேலே கவுன்ட்டியும் தன் பங்குக்கு ஒரு வருமான வரி வாங்கும். 2025-இல் மான்ட்கோமரியில் அது 3.2 சதவீதம். வர்ஜீனியாவில் அது இல்லை. மாநில வரி மட்டும்தான், 17,000 டாலருக்கு மேலே 5.75 சதவீதம். 2025-ஆம் ஆண்டு விகிதங்களை வைத்துக் கணக்குப் போட்டேன். வீட்டுக் கடன் வட்டி 6.5 சதவீதம், 30 வருடம் என்று கொண்டேன். 401(கே) ஓய்வூதியச் சேமிப்பை எளிமைக்காக ஒதுக்கிவிட்டேன், அது இரண்டு பக்கமும் வரியைக் குறைக்கும். வட்டி, சொத்து வரிக் கழிவுகள் போக ஆஷ்பர்னில் உங்கள் மாநில வருமான வரி சுமார் 8,700 டாலர். ஜெர்மன்டவுனில் மாநிலமும் கவுன்ட்டியும் சேர்ந்து சுமார் 14,500. வித்தியாசம் 5,800. மைத்துனர் இங்கேயே நிறுத்திவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்டது கார் வரி. வர்ஜீனியாவில் ஒவ்வொரு வருடமும் உங்கள் காரின் மதிப்புக்கு கவுன்ட்டி வரி போடும். 2025-இல் லவுடனில் நூறு டாலர் மதிப்புக்கு சுமார் 4 டாலர். ஹெர்ன்டனில் நான்கு வருடமாக ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டிக்கு அதைக் கட்டிக் கட்டிப் பழகியதால் உங்களுக்கு அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். இரண்டு காரும் சேர்ந்து 60,000 மதிப்பு என்று வைத்தால், மாநில நிவாரணம் போக, சுமார் 2,000 டாலர். மேரிலாந்தில் இந்த ஆண்டு வரி கிடையாது.

பிறகு சொத்து வரி. லவுடனின் 2025 விகிதம் நூறு டாலருக்கு 80.5 சென்ட். 2013-இல் இது 1 டாலர் 20.5 சென்ட்டாக இருந்தது. இவ்வளவு இறங்கியதற்கு ஒரு பெரிய காரணம் ஆஷ்பர்னைச் சுற்றி முளைத்த டேட்டா சென்டர்கள். வேடிக்கை என்னவென்றால், உங்கள் காரின் மீது விழும் அதே வகை வரிதான் அந்தக் கட்டடங்களுக்குள் ஓடும் சர்வர்கள் மீதும் விழுகிறது. கவுன்ட்டியின் கஜானாவை நிரப்புவதில் அவற்றுக்குப் பெரும்பங்கு. டேட்டா சென்டர் வருமானம் ஒருநாள் சுணங்கினால் வீட்டு வரி மறுபடி ஏறும் என்பதை மனதின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2025 விகிதத்தில் 7.2 லட்சம் வீட்டுக்கு 5,800 டாலர் வருகிறது.

மான்ட்கோமரியில் 2025-இல் விகிதம் எல்லாம் சேர்ந்து நூறு டாலருக்கு ஒரு டாலரைச் சற்றுத் தாண்டியது. ஆனால் வீட்டு விலை குறைவு, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு 692 டாலர் சலுகையும் இருந்தது. எனவே சுமார் 4,700.

இப்போது மூன்றையும் கூட்டுங்கள். ஆஷ்பர்ன் 16,500. ஜெர்மன்டவுன் 19,200. ‘வரியிலேயே கரைந்துவிடுவீர்கள்’ என்று பயமுறுத்தப்பட்ட வித்தியாசம் வருடத்துக்கு 2,700 டாலர், மாதம் 225. இரண்டு பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு ஆகும் பணம்.

இனி வீட்டுக்கு வருவோம். முன்பணம் இரண்டுக்கும் 1.4 லட்சம் என்றால், ஆஷ்பர்னில் கடன் 5.8 லட்சம், மாதத் தவணை சுமார் 3,670. ஜெர்மன்டவுனில் கடன் 3.7 லட்சம், தவணை சுமார் 2,340. தவணை, மூன்று வரிகள், ஹெச்.ஓ.ஏ. எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் ஆஷ்பர்னில் 62,000 டாலர் போகும், ஜெர்மன்டவுனில் 48,500. வித்தியாசம் 13,500. இதை அப்படியே மிச்சம் என்று சொன்னால் நானும் மைத்துனர் செய்ததையே செய்தவனாவேன். பெரிய தவணையில் அசலும் கொஞ்சம் கூடுதலாகத் தீர்கிறது, அது உங்கள் சொத்து. அதற்கு 2,300 கழியுங்கள். பெரிய வட்டிக்கு மத்திய அரசு வரியில் கூடுதல் கழிவு கிடைக்கும். மாநில, உள்ளூர் வரிகளுக்கான கழிவின் உச்சவரம்பு 10,000-இலிருந்து 2025-இல் 40,000 ஆகிவிட்டதால் உங்கள் வரிகள் முழுதும் இரண்டு பக்கமும் கழிவுக்குள் வந்துவிடுகின்றன. உங்கள் 22 சதவீத அடுக்கில் ஆஷ்பர்னுக்கு இதில் சுமார் 2,400 சாதகம். எல்லாம் போக, ஜெர்மன்டவுன் வருடத்துக்கு 8,800 டாலர் மலிவு. சிறிய, பழைய வீடு என்பதால் மலிவு, அதையும் மறக்க வேண்டாம். கூரையோ ஏ.சி.யோ மாற்ற வேண்டியிருந்தால் இரண்டு வருட மிச்சம் போய்விடும். இன்ஸ்பெக்‌ஷனில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது நடுவே ஓடும் அந்த ஆறுதான்.

வரைபடத்தில் ஆஷ்பர்னும் கெய்தர்ஸ்பர்க்கும் கூப்பிடு தூரம் போலத் தெரியும். நடுவே பொடோமக் ஓடுகிறது. அமெரிக்கன் லீஜன் பாலத்தை விட்டால், மேலே பாயின்ட் ஆஃப் ராக்ஸ் வரைக்கும் அந்த ஆற்றின் குறுக்கே பாலமே கிடையாது. நடுவில் ஒயிட்ஸ் ஃபெரி என்ற படகு கார்களை ஏற்றிக் கரை சேர்த்துக்கொண்டிருந்தது. கரை நிலத்தகராறில் அதுவும் 2020 டிசம்பரில் நின்றுபோனது. ஆக, உங்கள் மனைவி கிழக்கே போய், லீஜன் பாலம் ஏறி, மறுபடி 270-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்கே திரும்ப வேண்டும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 40 மைல். காலையில் அந்தப் பாலத்தில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022 நவம்பரில் ஆஷ்பர்ன் வரை வந்த சில்வர் லைன் மெட்ரோ உங்களுக்கு ரெஸ்டன் போக உதவும். அவருக்கு உதவாது.

மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்., கார் ஓடும் ஒரு மைலுக்கு 2025-இல் வைத்த செலவு விகிதம் 70 சென்ட். பெட்ரோல் மட்டுமல்ல, வண்டித் தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். வருடத்துக்கு 48 வாரம் என்று வைத்தால், ஆஷ்பர்னில் இருந்து இருவர் போக்குவரத்துக்கும் சேர்த்து சுமார் 15,000 டாலர். ஜெர்மன்டவுனில் இருந்து, வாரம் இருமுறை நீங்கள் ரெஸ்டன் போகும் செலவு உட்பட, 6,700 டாலர். டோல் இதில் சேரவில்லை. வித்தியாசம் 8,000-க்கு மேல், அதாவது அந்த வரி வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு. உங்கள் மனைவி தினமும் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஸ்டியரிங்கில் உட்காருவதற்கு நான் இன்னும் விலையே போடவில்லை. டே கேர் ஆறு மணிக்கு மூடும். பாலத்தில் ஒரு விபத்து என்றால் இரண்டு வயதுப் பிள்ளையை யார் போய்க் கூட்டி வருவது? இப்படிப்பட்ட குடும்பங்களில் இரண்டு வருடத்துக்குள் யாராவது ஒருவர் வேலையை விடுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் விடுவது மனைவி. 2,700 டாலர் வரியை மிச்சம் பிடிக்கப் போய் 85,000 டாலர் சம்பளத்தை ஆற்றில் போட்ட கதை அது.

விசா விஷயம் இதை இன்னும் இறுக்குகிறது. எச்1பி-யில் வேலை போனால் வேறு முதலாளியைப் பிடிக்க அதிகபட்சம் 60 நாள். 2025-இல் மத்திய அரசு வேலைகளிலும் ஒப்பந்தங்களிலும் விழுந்த வெட்டு ஆற்றின் இரு கரையையும் ஆட்டியது. ரெஸ்டனின் ஐ.டி. ஒப்பந்தங்களும் தப்பவில்லை, பெதஸ்டாவில் இருக்கும் மத்திய அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.ஹெச்.சைச் சார்ந்த பயோடெக்கும் தப்பவில்லை. அதனால் என் சோதனை இதுதான்: ஒரு சம்பளம் நின்றால் வீடு நிற்குமா? தவணை, சொத்து வரி, ஹெச்.ஓ.ஏ., இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ஆஷ்பர்னில் மாதம் 4,400. உங்கள் சம்பளம் மட்டும் என்றால் அதில் 42 சதவீதம், வரிக்கு முன்பே. ஜெர்மன்டவுனில் 2,940, அதாவது 28 சதவீதம். ஆஷ்பர்ன் வீட்டில் உங்களுக்கு மாதா மாதம் நெஞ்சு படபடக்கும்.

எனவே ஜெர்மன்டவுன். உங்கள் மனைவியின் வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியதாக இருந்திருந்தால், அல்லது இரண்டு வேலையும் ஆற்றுக்குத் தெற்கே இருந்திருந்தால், மைத்துனர் பக்கமே நானும் சாய்ந்திருப்பேன். அவர் குடும்பம் பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அவசரத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஓர் அத்தை இருப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் நீங்கள் ஜெர்மன்டவுன் போனால் அந்த அத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார். மேரிலாந்தில் இன்னும் வடக்கே தள்ளி ஃப்ரெடரிக் கவுன்ட்டி இன்னும் மலிவு என்று யாராவது சொன்னால், 270-இல் காலை ஏழரை மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் சில வேலைகள். மேரிலாந்தில் பத்திரச் செலவு அதிகம். மான்ட்கோமரியில் வீடு கைமாறும்போது மாநிலமும் கவுன்ட்டியும் வாங்கும் கைமாற்று வரிகளே விலையில் 1.5 சதவீதம், பதிவு வரி தனி. இதை வழக்கமாக வாங்குபவரும் விற்பவரும் பகிர்ந்துகொள்வார்கள். நீங்கள் மேரிலாந்தில் முதல் வீடு வாங்குபவர்கள் என்பதால் மாநிலக் கைமாற்று வரி பாதியாகும், அந்தப் பாதியும் விற்பவர் தலையில்தான். ஒப்பந்தத்தில் இதை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 1.4 லட்சத்தையும் முன்பணத்தில் கொட்டிவிடாமல் இந்தச் செலவுக்கும் ஆறு மாத வீட்டுச் செலவுக்கும் எடுத்து வையுங்கள். அதற்காகக் கடன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஜெர்மன்டவுன் தாங்கும்.

ஏஜென்ட் கெய்தர்ஸ்பர்க் வீடு ஏதாவது காட்டினால், அது நகர எல்லைக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே இருந்தால் கவுன்ட்டி வரிக்கு மேலே நகர வரியும் உண்டு. கெய்தர்ஸ்பர்க் என்று தபால் முகவரி இருக்கும் பல வீடுகள் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன.

குடிபோனதும் ‘ஹோம்ஸ்டெட்’ சலுகைக்கு விண்ணப்பியுங்கள், ஒருமுறை போட்டால் போதும். மேரிலாந்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீட்டை மறுமதிப்பீடு செய்வார்கள். இந்தச் சலுகை இருந்தால் மான்ட்கோமரியில் வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வர்ஜீனியாவில் இப்படியொரு தடுப்பு இல்லை. அப்புறம் உங்கள் ரெஸ்டன் அலுவலகத்தின் ஹெச்.ஆர்.-இடம் முதல் வாரமே சொல்லி வர்ஜீனியா வரிப் பிடித்தத்தை நிறுத்தி, மேரிலாந்துக்கு எம்.டபிள்யூ. 507 படிவம் கொடுங்கள். மனைவியின் அலுவலகத்தில் இப்போது மேரிலாந்து பிடித்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பார், அதையும் மாற்ற வேண்டும். மறந்தால் ஏப்ரலில் ஒரு மாநிலத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இன்னொரு மாநிலத்துக்கு மொத்தமாகக் கட்ட நேரிடும்.