தேவராஜனும் கெமர் கோயில்களும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைக் கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர்கள் தங்களையே கடவுளாக அறிவித்துக்கொண்டு, தம்மை மக்கள் வழிபடுவதற்காகவே அத்தனை பெரிய கோயில்களை எழுப்பினார்கள் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அங்கோர் வாட் ஒரு மன்னனின் பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், என்றும் சிலர் சொல்கிறார்கள். சைவம், வைணவம், பௌத்தம் மூன்றும் வேரூன்றியிருந்த நாட்டில் எல்லாக் கோயில்களுக்கும் இந்த ஒரே விளக்கம் பொருந்துமா? கெமர் கல்வெட்டில் வரும் தேவராஜன் மன்னன்தானா?

கே.

அன்புள்ள கே.,

பொருந்தாது. தேவராஜன் மன்னன் அல்ல என்பதற்கு அவனைப் பற்றி நாம் அறிய முதன்மையான ஆதாரமாக உள்ள கல்வெட்டே சான்று. இன்றைய தாய்லாந்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஸ்டோக் காக் தோம் கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் நடுவில், சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலுமாக 340 வரிகளில் வெட்டப்பட்டது அது. கெமர் மன்னன் இரண்டாம் ஜெயவர்மன் குலேன் மலையில் இருந்தபோது, கம்புஜ நாடு இனி 'ஜாவா'வுக்கு அடங்கியிருக்கக் கூடாது, அதற்கு ஒரே சக்கரவர்த்திதான் இருக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் ஹிரண்யதாமன் என்ற பிராமணர் ஒரு சடங்கை நடத்தினார் என்றும், தேவராஜனுக்குப் பூசை செய்யும் உரிமை சிவகைவல்யர் என்ற குருவின் குடும்பத்துக்குத் தாய்வழியில் அளிக்கப்பட்டது என்றும் அது கூறுகிறது. அந்தச் சடங்கின் ஆண்டாக வரலாற்றாசிரியர்கள் கொள்வது 802. பிறகு தலைநகர் ஹரிஹராலயத்துக்கும், யசோதரபுரத்துக்கும், கோ கேருக்கும் மாறியபோதெல்லாம் தேவராஜனும் உடன் எடுத்துச் செல்லப்பட்டான். அரசர்கள் இறந்து புதியவர்கள் வந்தார்கள். தேவராஜனும் அவனுடைய பூசகர் குடும்பமும் தொடர்ந்தார்கள். அது எடுத்துச் செல்லத்தக்க திருமேனியா, புனித நெருப்பா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அரியணையில் அமர்ந்திருந்த மனிதன் அல்ல என்பது தெளிவு. இந்தச் சாசனம் சடங்குக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பிந்தையது என்பதையும், அந்தக் குடும்பம் தன் நிலங்களையும் உரிமைகளையும் வரிசைப்படுத்தி நிலைநாட்டிக்கொள்வதற்காக வெட்டுவித்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. குலப்பெருமை பேசும் ஆவணத்தை ஒரு நாட்டின் சமயக் கொள்கையாகவே வாசித்துவிட்டதில்தான் குழப்பம் தொடங்கியது என்பது என் எண்ணம்.

மன்னர்கள் உண்மையில் செய்தது என்ன என்பதை முதலாம் இந்திரவர்மனிடம் தெளிவாகக் காணலாம். அவன் இந்திரதடாகம் என்ற பெரும் ஏரியை வெட்டுவித்தான். 879இல் பிரே கோ கோயிலை எழுப்பி, இரண்டாம் ஜெயவர்மனுக்கும் தன் தந்தைக்கும் பாட்டனாருக்கும் முன்வரிசைக் கோபுரங்களையும், அவர்களுடைய மனைவியருக்குப் பின்வரிசைக் கோபுரங்களையும் அமைத்தான். 881இல் ஐந்து அடுக்கு மலைபோல் உயரும் பக்கோங்கில் இந்திரேசுவரன் என்ற லிங்கத்தை நிறுவினான். நீருக்கு ஏரி, முன்னோருக்குக் கோயில், ஆட்சிக்கு மலைக்கோயில் என்ற இந்த வரிசையைப் பின்வந்த அரசர் சிலரும் கடைப்பிடித்தார்கள். அவன் மகன் யசோவர்மன் 893இல் அதே ஏரியின் நடுத்தீவில் லோலேய் கோயிலைக் கட்டித் தன் பெற்றோருக்கும் தாய்வழிப் பாட்டன் பாட்டிக்கும் உரியதாக்கினான். பிறகு அங்கோருக்குச் சென்று, பாக்கெங் குன்றின் மேல் யசோதரேசுவரனை நிறுவினான்.

லிங்கத்துக்கு அரசன் பெயர் வைப்பதைக் கண்டு நாம் திகைக்க வேண்டியதில்லை. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் ராஜசிம்மேச்சரமாகவும், தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜேச்சரமாகவும் பெயர் பெற்ற சைவ மரபுதான் அங்கேயும் இருந்தது. ராஜராஜன் தன்னையே சிவனென்று வணங்கச் சொன்னான் என்று நாம் யாரும் கருதுவதில்லை. மேலும், இப்படிக் கோயில் எடுப்பது அரசர்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. கெமர் சிற்பக்கலையின் உச்சம் என்று நான் கருதும் பந்தே ஸ்ரே, 967இல் யஜ்ஞவராகர் என்ற அரசகுருவின் முயற்சியில் எழுந்தது. ஆடும் சிவனின் அருகே மெலிந்த உடலுடன் அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்பதும் இக்கோயிலில்தான்.

அங்கோர் வாட்டைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. 1113இல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் சூரியவர்மன் அதை விஷ்ணுவுக்காகக் கட்டினான். அதைப் பள்ளிப்படை என்பவர்கள் மூன்று சான்றுகளைக் காட்டுகிறார்கள். அது மரணத்தோடு தொடர்புபடுத்தப்படும் மேற்குத் திசையை நோக்கியிருக்கிறது. அதன் புடைப்புச் சிற்பங்களை இடமாகச் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பது ஈமச்சடங்கின் வழக்கம். தெற்குத் திருச்சுற்றில் மன்னனின் உருவத்துக்கு அருகே அவனுடைய மறைவுக்குப் பிந்தைய பெயரான பரமவிஷ்ணுலோகன் என்பதே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மேற்குத் திசை விஷ்ணுவுக்கு உரியது என்ற விளக்கமும் உண்டு. விஷ்ணு கோயிலாக எழுந்து, மன்னனின் நினைவையும் ஏற்றுக்கொண்ட இடம் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதைச் சமாதி என்று மட்டும் சொன்னால், திருச்சுற்றில் விரியும் பாற்கடல் கடைதலும் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் வெறும் அலங்காரமாகச் சுருங்கிவிடும்.

ஏழாம் ஜெயவர்மன் காலத்தில் தெய்வம் மாறியது, முறை மாறவில்லை. மகாயான பௌத்தனான அவன் 1186இல் தா ப்ரோமில் தன் தாயைப் பிரஜ்ஞாபாரமிதை என்ற பௌத்த தேவியின் வடிவிலும், 1191இல் ப்ரே கானில் தன் தந்தையை லோகேசுவரர் என்ற போதிசத்துவரின் வடிவிலும் நிறுவினான். 3,140 ஊர்களும் 79,365 மக்களும் தா ப்ரோமின் பணிக்கு உரியவர்களாக இருந்தார்கள் என்று அதன் கல்வெட்டு கணக்குத் தருகிறது. அரிசியும் எண்ணெயும் துணியும் கொடுத்த அந்த ஊர்களைக் கோயிலோடு பிணைத்தது அரச ஆணை. மன்னனே கடவுள் என்ற சுருக்கமான விளக்கத்தில் முற்றிலும் மறைந்துபோவது இந்த ஏற்பாடுதான்.

உங்கள் கேள்விக்குக் கடைசிச் சான்றாக அங்கோர் தோம் நகருக்குள் உள்ள மங்களார்த்தம் என்ற சிறு கோயிலைச் சொல்வேன். நாடு தேரவாதம் என்ற மற்றொரு பௌத்தப் பிரிவின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த 1295இல் அங்கே நிறுவப்பட்டவை ஜெயமங்களார்த்தர் என்ற பிராமண அறிஞரின் திருமேனியும் அவருடைய தாயின் திருமேனியும். இருவரில் எவரும் அரசர் அல்லர்.