உயர் இரத்த அழுத்தத்தை மாத்திரை இல்லாமல், இயற்கை முறையிலேயே கட்டுக்குள் வைக்க முடியுமா?

சிலரால் முடியும், என்னால் பாதிதான் முடிந்தது. இரண்டு மாத்திரைகள் ஒன்றாகக் குறைந்தன, அந்த ஒன்றை இன்றும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் 158/98 என்று தெரியவந்தபோது, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, மேல் எண் 130க்கு இறங்கியதும் நோய் போய்விட்டது என்று நானே தீர்மானித்து அதை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் பூண்டு மட்டும் மென்றுவந்தேன். தலைவலியோ மயக்கமோ இல்லாததால் பூண்டு வேலை செய்கிறது என்றே நம்பினேன். ஐந்து வாரம் கழித்து அளந்தபோது 164/100. இந்த நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

உண்மையில் பலன் தந்தவை ஆரவாரமில்லாதவை. முதலில் உப்பு. சோடியம் உடலில் நீரைத் தேக்கி, குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவைக் கூட்டுகிறது. அதனால்தான் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சமைக்கும்போது நாமே போடும் உப்பைக் குறைப்பது எளிது. பொட்டலத் தின்பண்டங்களிலும் ரொட்டியிலும் சாஸிலும் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளாயிற்று. 1997இல் அமெரிக்காவில் வெளியான 'டேஷ்' ஆய்வில், காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் மிகுந்த உணவு, உயர் அழுத்தம் உள்ளவர்களின் மேல் எண்ணைச் சராசரியாக 11 புள்ளி இறக்கியது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு புள்ளி குறையும் என்பது பொதுவான கணக்கு; நடைப்பயிற்சியும் மதுவைக் குறைப்பதும் இதோடு சேரும்.

இயற்கை என்றால் தீங்கில்லை என்று எண்ணுவதுதான் ஆபத்து. இருமலுக்கு நல்லதென்று பலர் சாப்பிடும் அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பலருக்கு நன்மை தந்தாலும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் இதயத் துடிப்பையே குலைக்கலாம். சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், அழுத்தத்தை இறக்கும் மருந்தாகவே பயன்பட்டது. மனச்சோர்வு அதன் பக்கவிளைவாகச் சொல்லப்பட்டது. (வேராகத் தின்றாலும் அது மருந்துதானே!)

மேல் எண் 160ஐத் தாண்டியவர்களும், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களும், உணவும் நடையும் பலன் தரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். 180/120க்கு மேல் போய், நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட அதிகமாக எகிறும் என்பதால், குறைப்பதும் மருத்துவர் சொல்லும் படியில்தான் நடக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமர்ந்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை ஏழு நாள் அளந்து எழுதிய குறிப்பேட்டைக் காட்டிய பிறகுதான், என் இரண்டாவது மாத்திரையை மருத்துவர் முதலில் பாதியாக்கி, பின்பு நிறுத்தினார்.