பாஸிடம் கரண்ட் பில்லோடு போங்கள்

கேள்வி: செனோக்கோவில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் நிர்வாக அதிகாரியாக இருக்கிறேன். நீடித்த நிலைத்தன்மை வேலையும் என் தலையில்தான். அதுபற்றி வாடிக்கையாளர் அனுப்பும் படிவத்தை வருடத்துக்கு ஒருமுறை நிரப்புவதோடு சரி. இதைக் கம்பெனியின் உத்தியாக்கலாம் என்றால், “நாம் என்ன பங்குச் சந்தையிலா இருக்கிறோம்? சட்டம் வரட்டும், பார்க்கலாம்” என்கிறார் பாஸ். என்ன செய்வது?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: உங்கள் பாஸ் சொல்வதில் பாதி சரி. கரிம வரிகூட, ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ பசுமை இல்ல வாயுக்களை வெளியிடும் ஆலைகளுக்குத்தான் நேரடியாக விழும். ஆனால் மின் நிலையங்கள் அதைக் கட்டுகின்றன. 2023 வரை டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. கைக்காசையா போடுவார்கள்? உங்கள் பில்லில் வந்து உட்காரும்.

அதனால் ‘உத்தி’ என்ற சொல்லையே அவரிடம் எடுக்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஆலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஓர் இயந்திரமும் ஓடவில்லை. ஏர் கம்ப்ரஸர் மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக எழுந்து உறுமிவிட்டு அடங்கியது. ஆளே இல்லாத இடத்தில் காற்று எங்கே போகிறது? குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். பேக்கிங் லைன் பக்கம் குமிழ் குமிழாக நுரை. அந்த வருட நிலைத்தன்மை அறிக்கை எங்களிடம் பளபள அட்டையோடு இருந்தது. கசிவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை! இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, 12 மாத பில்லோடு போய் உட்காருங்கள்.

அப்புறம் அந்தப் படிவம். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் உள்ள நிறுவனங்கள் 2026 நிதியாண்டிலிருந்து ‘ஸ்கோப் 3’ கணக்கையும் வெளியிட வேண்டும். சப்ளையர்கள் வெளிவிடும் வாயுவும் அதில் சேரும். ஆகவே கேள்விகள் கூடத்தான் செய்யும். நீங்கள் உத்தேசமாக நிரப்பி, போட்டிக் கம்பெனி மீட்டர் கணக்கோடு பதில் தந்தால் ஆர்டர் யாருக்குப் போகும்? படிவத்தைக் கோப்பில் போடாமல் விற்பனை மேலாளரிடம் காட்டுங்கள். பாஸ் காதில் அவர் குரல்தான் ஏறும்.

குளிர் அறையின் கம்ப்ரஸருக்கும் ஒருநாள் வயதாகும். கொட்டேஷன்கள் வரும், மலிவானதில் பாஸ் கையெழுத்துப் போடப் போவார். அதற்குமுன், ஒவ்வொரு கொட்டேஷனுக்குப் பக்கத்திலும் 10 வருடக் கரண்ட் செலவை எழுதி வையுங்கள். மானியம் கிடைக்குமா என்று அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூரிடமும் கேட்டுவிடுங்கள். எந்த இயந்திரம் என்பதை அந்தக் கணக்கு முடிவு செய்தால், நீங்கள் கேட்ட உத்தி அதுதான். அறிக்கையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.