ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரையா?

கேள்வி: நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், வயது 34. அம்மா (58) தருமபுரி மாவட்டத்தில் எங்கள் கிராமத்தில் இருக்கிறார். வீட்டுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் பார்த்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 164/98 இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 132/84 ஆனதும், "அதான் சரியாகிவிட்டதே" என்று அம்மா நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அத்தைக்கும் அதே மாத்திரைதான். ஆளைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றையே கொடுப்பது ஒப்புக்குச் செய்யும் வைத்தியம் இல்லையா? தனியார் மருத்துவரிடம் அழைத்துப் போகட்டுமா?

மருத்துவர் பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 132/84 என்பது உங்கள் அம்மாவின் நோய் போய்விட்டதற்கான அடையாளமன்று. மாத்திரை வேலை செய்ததற்கான அடையாளம். நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ அழுத்தம் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அப்போதும் அவருக்குத் தலைவலியோ மயக்கமோ இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே, மீதமிருக்கும் மாத்திரை அட்டையோடு இந்த வாரமே அதே சுகாதார நிலையத்துக்கு அவரை அனுப்பி, அழுத்தத்தைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடரச் சொல்லுங்கள்.

ஒரே மாத்திரை பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. படித்தவர்கள் பலரும் இதையே என்னிடம் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய சுகாதார அமைச்சகமும் உலக சுகாதார நிறுவனமும் கைகோத்து 2017-இல் ஐந்து மாநிலங்களில் தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அடித்தளமே, மருத்துவருக்கு மருத்துவர் மாறாத ஒரே சிகிச்சை வரிசைதான். பெரும்பாலும் முதலில் அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஒரு மாதம் கழித்தும் 140/90-க்குக் கீழே வராவிட்டால் அளவைக் கூட்டுவது அல்லது டெல்மிசார்டானைச் சேர்ப்பது. அதற்கும் மசியாவிட்டால் குளோர்தலிடோன். மருந்து வகைகள் குறைவாக இருந்தால்தான் கிடங்கில் அவை தீராமல் இருக்கும், செவிலியரும் தன்னார்வலரும் நோயாளியைத் தடுமாறாமல் பின்தொடர முடியும். அம்லோடிபின் மலிவானது என்பதால் மட்டமானது ஆகிவிடாது. வசதியுள்ள மருத்துவமனைகளிலும் பலருக்கு முதலில் எழுதப்படுவது அதுவோ அதன் இனத்து மருந்தோதான், பெயரும் விலையும் வேறாக இருக்கும், அவ்வளவே. மேல் அளவு (164/98 என்பதில் 164) 10 குறைந்தால் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. அந்த 10-ஐ எந்த மாத்திரை குறைத்தது என்பதைவிட அது ஆண்டுக்கணக்கில் குறைந்தே இருந்ததா என்பதுதான் முக்கியம்.

நம் ஊரில் சறுக்கல் நேர்வது அங்கேதான். தமிழ்நாட்டில் 2020-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. மருந்து இல்லாத மாநிலமா இது? மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் மருத்துவப் பணிகள் கழகம் 1994-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கோ, மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று, பேருந்துக் கட்டணமும் போயிற்று. உடம்பில் வலியே இல்லாத ஒரு நோய்க்காக எத்தனை மாதம் ஒருவர் அப்படிப் போவார்? 2021 ஆகஸ்டு 5 அன்று உங்கள் ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய, தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள். முன்னேற்றம்தான், ஆனால் ஐந்தில் ஒருவர்கூட இன்னும் தேறவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஊக்கத்தொகையை மட்டும் நம்பி வீடு வீடாக நடக்கும் அந்தப் பெண் தன்னார்வலர்களின் தோள்மேல் இவ்வளவு பெரிய சுமையை ஏற்றியிருப்பது இத்திட்டத்தின் பலவீனம் என்பது என் கருத்து.

வீட்டுக்கு வந்து பார்ப்பதால் பயன் உண்டா என்பது சோதித்தும் பார்க்கப்பட்டிருக்கிறது. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் கிராமப்புறங்களில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2020-இல் வெளியானது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தம் பார்த்து, தேவைப்பட்டவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களிடம் அனுப்பிய ஊர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் இருந்த ஊர்களைவிட, மேல் அளவு இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 5 அளவுக்குக் கூடுதலாகக் குறைந்தது.

ஆனால் அளப்பது சரியாக இருக்க வேண்டும். காட்டு வேலையிலிருந்து வந்த கையோடு, அல்லது காபி குடித்து, புகையிலை போட்ட அரை மணி நேரத்துக்குள் பார்த்தால் கணக்கு ஏறும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக வைத்து, பேசாமல், இரண்டு முறை பார்க்க வேண்டும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலை நாட்டு ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே உப்பு பெரும்பாலும் ரொட்டியிலும் பாக்கெட் உணவிலும் ஒளிந்திருக்கிறது. ஆலைகளைக் குறைக்கச் சொன்னால் நாட்டுக்கே குறையும். நம் கிராமத்திலோ உப்பு சமைப்பவர் கையிலிருந்து வருகிறது: குழம்பு, ரசம், கஞ்சி, அதன்மேல் ஊறுகாய், கருவாடு, அப்பளம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இந்துப்புக்கு மாறினால் போதும் என்று நம்பிவிடாதீர்கள், அதுவும் சோடியம் குளோரைடுதான். சீனாவில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இருப்பினும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டான் போன்ற மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பை வாங்கக் கூடாது.

தனியார் மருத்துவரிடம் போவதில் தவறில்லை. மருத்துவரை மாற்றும் இடைவெளியில் மாத்திரை நிற்காமல் இருந்தால் சரி. மூன்று மருந்துக்கும் அடங்காத அழுத்தம், சிறுநீரில் புரதம், மூச்சிரைப்பு ஆகியவை இருந்தால் மேல்சிகிச்சை தேவை. நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் பலம் இழத்தல் என்றால் 108-ஐ அழையுங்கள். அம்லோடிபினால் கணுக்காலில் வீக்கம் வந்தால் தாமாக நிறுத்தாமல் சொல்லச் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. "மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று யாரேனும் அவரிடம் சொல்லியிருக்கக் கூடும். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம்.

கடைசியாக உங்களைப் பற்றி. தன்னார்வலர் பகலில் வருகிறார், ஆண்கள் அப்போது வீட்டில் இருப்பதில்லை. அதனால்தான் தொழிலாளர்களை வேலையிடத்திலேயே பரிசோதிக்கும் திட்டமும் தேவைப்பட்டது. முப்பது வயதைக் கடந்தவர், தாய்க்கு உயர் அழுத்தம் உள்ளவர் நீங்கள். கடிதத்தில் உங்கள் அளவு என்ன என்று எழுதவில்லை. அம்மாவை அழைத்துப் போகும் நாளில் நீங்களும் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.