வீட்டில் வாதாடும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

பேர்ணாம்பட்டிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

நீங்கள் டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை பார்த்துப் படிக்க வைக்கிறீர்கள். பிளஸ் டூ படிக்கும் மகளோ சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து டேனரிக் கழிவில் வரும் குரோமியம் பாலாற்றைக் கெடுக்கிறது என்று உங்களிடமே வாதம் பண்ணுகிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டால் இந்தப் பேச்சு அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடங்காது. அடங்கவும் வேண்டாம், அந்தப் பேச்சுக்குள் ஒரு வேலை இருக்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுக்கவோ பயிருக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பில் வரும். கண்டறிந்தது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். மண்ணைச் சோதிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் வக்கீல் எதை வைத்து வாதாடியிருப்பார்? அதற்காக டேனரிகளை மூடிவிட முடியுமா? உங்கள் வீட்டு அடுப்பே அதில்தான் எரிகிறது. இன்று கழிவுநீரைச் சுத்திகரித்துத் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். மிஞ்சுகிற உப்பை என்ன செய்வது என்பதுதான் பெரிய தலைவலி. அதைத் தீர்க்க வேதியியலும் தெரிய வேண்டும், ஊரும் தெரிய வேண்டும். ஊர் உங்கள் மகளுக்குத் தெரியும்.

ஆனால் 'என்விரான்மென்ட்' என்ற பெயரை மட்டும் பார்த்து இளநிலையிலேயே சேர்த்துவிடாதீர்கள். லேப் சரியில்லாத கல்லூரியில் அது வெறும் பட்டம். முதலில் கெமிக்கல் அல்லது சிவில் பொறியியல், இல்லையென்றால் பி.எஸ்சி. வேதியியல், சுற்றுச்சூழல் முதுகலையில் வரட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆள் எடுத்தபோதும் இந்தப் படிப்புகளைத்தான் கேட்டது. சென்னை கிண்டி ஏ.சி. டெக்கில் (அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) லெதர் டெக்னாலஜி பி.டெக். இருக்கிறது, அடையாறு சி.எல்.ஆர்.ஐ. என்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து நடக்கும் படிப்பு. உங்கள் தொழிலையே உள்ளிருந்து மாற்ற நினைக்கிறாள் என்றால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. (பக்கத்து வீட்டுப் பையனின் பெங்களூர் சம்பளத்தைக் கொஞ்ச நாள் மறந்திருங்கள்.)

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்கிறீர்கள். பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு; அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். கவுன்சலிங் சமயத்தில் பள்ளி ஆபீஸில் கூட்டம் தாங்காது.